பழைய டேட்டாபேஸ்: அப்கிரேடா, காசு கட்டி நீட்டிப்பதா, ஒதுக்கி வைப்பதா?

சப்போர்ட், அதாவது தயாரித்தவர் திருத்தம் தந்துவரும் காலம், முடிந்த மறுநாள் காலையில் எந்த டேட்டாபேஸும் நின்றுபோவதில்லை. தொல்லையே அதுதான். நின்றுபோனால் அன்றைக்கே யாராவது ஓடிவந்து ஏதாவது செய்திருப்பார்கள். மைஎஸ்க்யூஎல் 5.7 வரிசையின் கடைசி வெளியீடான 5.7.44, 2023 அக்டோபரில் வந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ சர்வர்களில் அது முன்புபோலவே வேலை செய்துகொண்டிருந்தது. "ஓடிட்டிருக்கிறதைப் போய் எதுக்குத் தொடணும்?" என்று கேட்கும் மேலாளரிடம் காட்ட நம் கையில் ஒரு எர்ரர் மெசேஜ்கூட இருக்காது.

இந்த இடத்தில் நிற்பவருக்கு வழிகள் ஐந்து. அதே டேட்டாபேஸின் புதிய பதிப்புக்குப் போகலாம். தயாரித்த நிறுவனத்துக்கோ கிளவுட் நிறுவனத்துக்கோ கூடுதல் காசு கட்டிக் காலத்தை நீட்டலாம். வேறொருவரிடம் சப்போர்ட் வாங்கலாம். டேட்டாபேஸைத் தனியே ஒதுக்கிப் பூட்டி வைக்கலாம். வேறு டேட்டாபேஸுக்கே குடிபெயரலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலோருக்கு முதல் வழிதான் மலிவு. இரண்டாவது, முதல் வழிக்குத் தேதி குறித்துவிட்டவர்களுக்கு மட்டும் பொருந்தும். ஏன் என்று சொல்வதற்குள் 'சப்போர்ட்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முடிவுத் தேதி ஒன்றல்ல

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வருக்கு முதல் 5 ஆண்டுகள் மெயின்ஸ்ட்ரீம் சப்போர்ட், அடுத்த 5 ஆண்டுகள் எக்ஸ்டெண்டட் சப்போர்ட். முதல் ஐந்தில் சாதாரணப் பிழைகளுக்கும் திருத்தம் வரும். அடுத்த ஐந்தில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். 2019 பதிப்புக்கு மெயின்ஸ்ட்ரீம் 2025 பிப்ரவரி 28-இல் முடிந்தது, எக்ஸ்டெண்டட் 2030 ஜனவரி 8 வரை போகிறது. "2030 வரை கவலையில்லை" என்பது ஆடிட்டருக்குச் சரியான பதில். ஒரு குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, தவறான விடை தருகிறது, சரிசெய்து கொடுங்கள் என்று போய் நிற்பவருக்கு அந்தத் தேதியால் பயனில்லை. 10 ஆண்டுகளும் தீர்ந்த பிறகு, பணம் கட்டினால் இன்னும் 3 ஆண்டுகள்வரை தீவிரமான பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 2014 பதிப்பு 2024 ஜூலை 9-இல் அந்தக் கட்டத்துக்குள் நுழைந்தது. 2016 பதிப்புக்கு அந்த நாள் 2026 ஜூலை 14.

ஆரக்கிளில் பெயர்களே ஆளைக் கவிழ்க்கும். அங்கே பிரீமியர், எக்ஸ்டெண்டட், சஸ்டெய்னிங் என்று மூன்று படிகள். மூன்றாவது படிக்கு முடிவே கிடையாது, எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் நீளும். கேட்கும்போது அதுதான் எல்லாவற்றிலும் உறுதியானது போலத் தோன்றும். உண்மையில் அந்தப் படியில் புதிய பாதுகாப்புப் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) எதுவும் வராது. ஏற்கெனவே வந்த பேட்சுகளை எடுத்துக்கொள்ளலாம், உதவி கேட்டு டிக்கெட் போடலாம், தெரிந்த தீர்வு இருந்தால் சொல்வார்கள். 11.2.0.4 பதிப்பின் எக்ஸ்டெண்டட் காலம் 2020 டிசம்பரில் முடிந்தது. அதன் பிறகும் ஆண்டுக் கட்டணம் கட்டிக்கொண்டு "எங்களுக்குச் சப்போர்ட் இருக்கிறது" என்று நம்புகிறவர்கள் உண்டு. ரசீது அவர்களிடம் இருக்கிறது, பேட்ச் இல்லை. 19சி பதிப்புக்கு பிரீமியர் 2029 டிசம்பர் வரை, எக்ஸ்டெண்டட் 2032 டிசம்பர் வரை.

திறந்த மூல டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் கணக்கு எளிது. ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டுகள், பிறகு ஒரு கடைசி வெளியீடு, அத்தோடு சரி. காசு கட்டினாலும் அந்தத் திட்டம் நீட்டித் தராது. 12-ஆம் பதிப்பு 2024 நவம்பரிலும் 13-ஆம் பதிப்பு 2025 நவம்பரிலும் முடிந்தன. இங்கே ஒரு பொறி மட்டும் உண்டு. 2017-இல் 10-ஆம் பதிப்பு வரும்வரை இரண்டாவது எண்ணும் பெரிய பதிப்பையே குறித்தது. ஆகவே 9.5-இலிருந்து 9.6 என்பது டேட்டாவையே மாற்றியமைக்கும் பெரிய அப்கிரேட். 13.4-இலிருந்து 13.20 என்பதோ மென்பொருளை மாற்றிவிட்டு ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான். பழைய நினைப்பில் இரண்டாவதையும் கண்டு அஞ்சி, சப்போர்ட் உள்ள பதிப்பிலேயே மூன்று ஆண்டுப் பேட்ச் பாக்கியுடன் உட்கார்ந்திருக்கும் சர்வர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மைஎஸ்க்யூஎல் 8.0, 2018 ஏப்ரலில் வந்தது. அதன் முடிவு 2026 ஏப்ரல். 2023 ஜூலையில் வந்த 8.1 முதல் அங்கே பாதை இரண்டாகப் பிரிந்துவிட்டது. இன்னொவேஷன் என்று ஒரு வரிசை, நீண்டகால ஆதரவுக்கென்று இன்னொரு வரிசை. 2024 ஏப்ரலில் வந்த 8.4 இரண்டாவது வகை. முதல் வகைப் பதிப்புக்கு, அடுத்த பதிப்பு வரும்வரைதான் ஆயுள், சில மாதங்கள். அவசரத்தில் "பெரிய எண்தானே புதியது" என்று அதில் ஏறினால், அப்கிரேட் செய்த களைப்பு தீருமுன் அடுத்த அப்கிரேட் வாசலில் நிற்கும்.

ஒப்பிடத் தொடங்குமுன் இன்னொரு கேள்வி. உங்கள் டேட்டாபேஸுக்குக் கடைசியாகப் பேட்ச் போட்டது எப்போது? 2003 ஜனவரி 25-இல் எஸ்க்யூஎல் சர்வரைத் தாக்கும் ஸ்லாமர் என்ற புழு சில நிமிடங்களில் உலகெங்கும் பரவியது. வெறும் 376 பைட் அளவுள்ள ஒரே ஒரு பாக்கெட், யுடிபி 1434-ஆம் போர்ட் வழியாக. அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. அன்று அடிவாங்கியவர்களுக்குச் சப்போர்ட் இருந்தது. பேட்சைப் போட ஆள்தான் இல்லை. உங்கள் பதிலும் "நினைவில்லை" என்றால், காசு கட்டிச் சப்போர்ட்டை நீட்டுவது விழலுக்கு இறைத்த நீர்.

அப்கிரேட்: பயப்பட வேண்டிய இடம் வேறு

அப்கிரேட் என்றதும் எல்லோரும் அஞ்சுவது, புதிய பதிப்பு எழுந்து நிற்குமா என்பதற்கு. அது பெரும்பாலும் எழுந்து நிற்கும். சத்தம் போட்டு உடைவதும் நல்லதற்கே. மைஎஸ்க்யூஎல் 8.0-இல் 'ரேங்க்' என்பது ஒதுக்கப்பட்ட சொல்லாகிவிட்டது. அந்தப் பெயரில் நெடுவரிசை வைத்திருந்த குவெரிகள் முதல் ஓட்டத்திலேயே சின்டாக்ஸ் எர்ரர் தரும், பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். மைஎஸ்க்யூஎல் ஷெல்லில் உள்ள அப்கிரேட் செக்கர் முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய சங்கதிகளும் இந்த வகைதான்.

அஞ்ச வேண்டியது சத்தமில்லாமல் மாறுவதற்கு. 5.7 வரை 'குரூப் பை' (ஒரே மதிப்புள்ள வரிகளைத் தொகுக்கும் கட்டளை) போட்டால் விடை அந்த நெடுவரிசையின் வரிசைப்படியே வரும், 'ஆர்டர் பை' எழுதாவிட்டாலும். 8.0-இல் அந்த மறைமுக வரிசைப்படுத்தலை எடுத்துவிட்டார்கள். நாங்கள் செய்த ஒரு அப்கிரேடில் மாதக் கடைசி அறிக்கை ஒன்று இதில் மாட்டியது. பிரிவுவாரியாகக் கூட்டுத்தொகை எடுக்கும் குவெரி அது. அதன் விடையைப் போன மாத விடையோடு வரிக்கு வரி ஒட்டி, வித்தியாசம் காட்டும் ஒரு சின்ன நிரல். வரிசை மாறியதும் ஒரு பிரிவின் இந்த மாதத் தொகை இன்னொரு பிரிவின் போன மாதத் தொகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. எர்ரர் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை, மொத்தத் தொகைகூடச் சரியாக இருந்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் இரண்டாம் நாள் கூப்பிட்டு, "இந்தப் பிரிவு எப்படிங்க திடீர்னு மூணு மடங்காச்சு?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒத்திகையில் குவெரி ஓடுகிறதா என்று பார்த்தோமே தவிர, பழைய விடையும் புதிய விடையும் ஒன்றா என்று பார்க்கவில்லை. தவறு முழுக்க எங்களுடையது. அன்றிலிருந்து, முக்கியமான இருபது முப்பது குவெரிகளைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, விடைகளைக் கோப்பாக எடுத்து ஒப்பிடாமல் நான் எந்த அப்கிரேடுக்கும் கையெழுத்துப் போடுவதில்லை.

போஸ்ட்கிரெஸில் இதே வகை ஆபத்து டேட்டாபேஸை விட்டுவிட்டு இயங்குதளத்தை மாற்றும்போது வருகிறது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை அது வழக்கமாக லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்திடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஜிலிப்சி 2.28-இல் அந்த விதிகள் பெரிதாக மாறின. பழைய இயங்குதளத்தில் கட்டிய இண்டெக்ஸை (தேடலை வேகமாக்கும் அட்டவணை) அப்படியே புதியதற்குத் தூக்கிக்கொண்டு போனால், இருக்கும் வரியை "இல்லை" என்று சொல்லும், தனித்தன்மை கட்டாயமான நெடுவரிசையில் ஒரே மதிப்பை இரண்டு முறை ஏற்றுக்கொள்ளும். எழுத்து வகை நெடுவரிசைகளின் இண்டெக்ஸ்களை மீண்டும் கட்டினால் தீர்ந்தது. ஆனால் கட்ட வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே.

எஸ்க்யூஎல் சர்வரில் இந்தப் பயம் பாதிக்குப் பாதி குறைவு. கம்பாட்டிபிலிட்டி லெவல் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இயந்திரம் 2019-ஆக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட டேட்டாபேஸை 100-இல், அதாவது 2008-இன் நடத்தையில், வைத்திருக்கலாம். 2014-இல் வந்த புதிய கார்டினாலிட்டி கணிப்பு (குவெரிக்கு எத்தனை வரி வரும் என்ற முன்கணக்கு) 120-ஆம் லெவலோடு வருவது. அதனால் வேகம் குறைந்த குவெரிகளை, லெவலைப் பழையபடி வைத்துக்கொண்டு நிதானமாகத் திருத்தலாம். பேட்ச் கிடைக்கும் இயந்திரத்துக்கு இன்றே போய், நடத்தையைப் பிறகு மாற்றலாம். இப்படி ஒரு வசதி கையில் இருக்கும்போது, மூன்று ஆண்டு நீட்டிப்புக்குப் பணம் கட்டுவதற்கு எனக்குத் தெரிந்து ஒரே நியாயமான காரணம்தான்: மேலே ஓடும் அப்ளிகேஷனை விற்றவர் புதிய பதிப்பை ஏற்க மறுப்பது.

தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. மைஎஸ்க்யூஎல் 5.7-இலிருந்து நேரே 8.4-க்குத் தாவ முடியாது, 8.0-இல் இறங்கித்தான் ஏற வேண்டும். மோங்கோடிபி என்ற டேட்டாபேஸிலும் ஒவ்வொரு பெரிய பதிப்பாகத்தான் படி ஏற வேண்டும். போஸ்ட்கிரெஸின் பிஜி-அப்கிரேட் கருவி மட்டும் தாராளம், பல பதிப்புகளை ஒரே தாவலில் கடக்கவிடும். திரும்பும் வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் பழைய பதிப்பின் பேக்கப்பைப் புதியதில் ஏற்றலாம், புதியதின் பேக்கப்பைப் பழையதில் ஒருபோதும் ஏற்ற முடியாது. புதிய சர்வரில் ஒரு நாள் வியாபாரம் நடந்துவிட்டால், பின்வாங்குவது என்பது அந்த ஒரு நாள் டேட்டாவை இழப்பது என்றாகிவிடும். ஆகவே எந்த நிமிடம்வரை பின்வாங்கலாம் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது.

காசு கட்டி நீட்டிப்பது

இதில் கெட்டது எதுவும் இல்லை, எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால். வாங்குவது நேரத்தை மட்டும்தான். கூடவே, நீட்டித்த காலத்திலும் பேட்ச் போட ஆள் வேண்டும், நிறுத்த நேரம் வேண்டும். அதாவது பராமரிப்பு வேலை குறையாது. கட்டணம் மட்டும் கூடும்.

கிளவுடில் ஒரு நுட்பம் உண்டு. அமேசானின் கிளவுட் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் ஒரு பதிப்பின் வழக்கமான காலம் முடியும்போது, எக்ஸ்டெண்டட் சப்போர்ட்டில் தானாகவே சேர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு 2024 மார்ச் 1 முதல் இந்தக் கட்டணம் தொடங்கியது, போஸ்ட்கிரெஸ் 11-க்கு அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல். கட்டணம் ஒரு விசிபியுவுக்கு (மெய்நிகர் கோர்) மணிக்கு இவ்வளவு என்ற கணக்கு, மூன்றாம் ஆண்டில் இரட்டிப்பு. டேட்டாவின் அளவோ எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதோ கணக்கில் வராது, கோர் எண்ணிக்கைதான் எல்லாம். பாதித் தூக்கத்தில் கிடக்கும் 16 விசிபியு சர்வரும், ஓயாமல் உழைக்கும் 16 விசிபியு சர்வரும் ஒரே தொகை. நகல் சர்வர்களான ரெப்ளிகாக்களும் சேரும். பில்லில் அந்த வரியைப் பார்த்தவர்கள் அப்கிரேடுக்கு முன்பே சர்வர் அளவைக் குறைத்துவிட்டார்கள் என்றால் அதில் வியப்பில்லை. எஸ்க்யூஎல் சர்வர் 2014-க்கு நிலைமை தலைகீழ்: மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரின் மெய்நிகர் கணினிகளில் ஓடினால் அந்த மூன்று ஆண்டு நீட்டிப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை. இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால், கிளவுடுக்குக் குடிபெயரும் செலவு நிற்கிறது என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நீட்டிப்பு வாங்கும் அன்றே அப்கிரேட் தேதியும் காலண்டரில் ஏறாவிட்டால், மூன்று ஆண்டு கழித்து இதே கூட்டம், இதே அறை, இதே கேள்வி. அப்போது அந்த அப்ளிகேஷனை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அது ஒன்றுதான் வித்தியாசமாக இருக்கும்.

மூன்றாம் கை

இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவற்றில் மூல நிரல் திறந்து கிடப்பதால், வேறு நிறுவனமும் திருத்தத்தைப் பழைய பதிப்புக்குள் எடுத்துத் தைக்க முடியும். லினக்ஸ் நிறுவனங்கள் இதைக் காலங்காலமாகச் செய்கின்றன. ரெட் ஹேட் லினக்ஸ் 7 தன்னோடு தந்தது போஸ்ட்கிரெஸ் 9.2. போஸ்ட்கிரெஸ் திட்டம் அந்தப் பதிப்பை 2017-இல் கைவிட்டது, இயங்குதளத்தின் பராமரிப்புக் காலமோ 2024 ஜூன் 30 வரை நீண்டது. இந்த வழியில் போனால் பாதுகாப்பு ஸ்கேனர் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துச் சிவப்பு விளக்கு போடும். ஒவ்வொரு முறையும் "திருத்தம் உள்ளே தைக்கப்பட்டிருக்கிறது" என்று விளக்கம் எழுதிக் கொடுக்க ஒருவர் தேவைப்படுவார்.

ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் போன்ற மூடிய மென்பொருளில் வெளியார் கையில் மூல நிரல் இல்லை. அவர்களால் டேட்டாபேஸுக்குள் பேட்ச் போட முடியாது. வாசலில் ஒரு காவலை நிறுத்தி, சந்தேகமான குவெரியைத் தடுக்க மட்டுமே முடியும். எந்நேரமும் போன் எடுப்பார்கள், கட்டணமும் குறைவாக இருக்கும். பதிப்பு நிலையாக உறைந்துவிட்ட இடங்களுக்கு அது போதும். ஆனால் பிறகு மனம் மாறி ஆரக்கிளின் சப்போர்ட்டுக்கே திரும்ப நினைத்தால், விட்ட காலத்துக்கும் சேர்த்து, அதன் மேல் மறுசேர்க்கைக் கட்டணமும் கேட்பார்கள். கிளம்புமுன் திரும்பி வரும் வண்டிக்கு எவ்வளவு என்று விசாரித்துவிடுங்கள்.

ஒதுக்கி வைப்பதும் ஓடிப்போவதும்

யாரும் எழுதாத, எப்போதாவது படிக்க மட்டும் வைத்திருக்கும் டேட்டாபேஸ் என்றால் அப்கிரேட் செய்வதே வீண் வேலை. வலையமைப்பிலிருந்து பிரித்து, ஒரே ஒரு கணினி வழியாக மட்டும் நுழையும்படி செய்து, எழுதும் உரிமையை எடுத்துவிடலாம். கார்டு பணப்பரிமாற்ற டேட்டா இருந்தால் இது அவ்வளவு எளிதில் செல்லாது. கார்டு பாதுகாப்பு விதித்தொகுப்பான பிசிஐயின் விதி 12.3.4, பயன்பாட்டில் உள்ள மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் இன்னும் வருகிறதா என்று 12 மாதத்துக்கு ஒரு முறையாவது சரிபார்க்கச் சொல்கிறது.

ஒதுக்கி வைப்பவர்கள் மறப்பது, பெட்டியைத் திறக்கும் சாவியை. பழைய சர்வர் டிஎல்எஸ் 1.0 என்ற பழைய மறையாக்க முறையில் மட்டும் பேசும். புதிய கணினி அதனோடு பேச மறுக்கும். அதோடு பேச உதவும் டிரைவர் மென்பொருள் கிடைக்காது. இன்ஸ்டாலரை வெப்சைட்டிலிருந்து எடுத்திருப்பார்கள். ஆகவே இன்ஸ்டாலர், டிரைவர், லைசென்ஸ் சாவி, அட்மின் பாஸ்வேர்ட், வேலை செய்யும் ஒரு மெய்நிகர் கணினிப் படிமம் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்து, எல்லா டேபிள்களையும் சாதாரண உரைக் கோப்பாகவும் ஒரு முறை எடுத்து வைப்பேன். உரைக் கோப்புக்குச் சப்போர்ட் முடிவதில்லை.

வேறு டேட்டாபேஸுக்கே மாறுவது பற்றி ஒரே வார்த்தை: சப்போர்ட் முடிவதை அதற்குக் காரணமாக்காதீர்கள். வெற்று எழுத்துச்சரத்தை ஆரக்கிள் 'நல்' (மதிப்பே இல்லை) என்றே எடுத்துக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் இரண்டையும் வேறாகப் பார்க்கும். இந்த ஒரு வித்தியாசமே டேட்டாபேஸுக்குள் வைத்திருக்கும் எத்தனை நிரல்களில் (ஸ்டோர்ட் புரொசீஜர்) ஒளிந்திருக்கிறது என்று தேடவே ஒரு பருவம் போய்விடும். லைசென்ஸ் செலவு காரணமாக மாறுவது தனி முடிவு, தனி திட்டம். கழுத்தில் தேதி தொங்கும்போது எடுக்கக் கூடாதது.

எந்தப் பதிப்புக்கு?

அப்கிரேட் என்று முடிவான பிறகும் ஒரு தேர்வு மிச்சம். பழையதிலிருந்து பக்கத்துப் பதிப்புக்குப் போனால் ஆபத்து குறைவு என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து 14-க்குப் போனால் வேலை ஏறக்குறைய 17-க்குப் போவது போலவேதான்: அதே ஒத்திகை, அதே நள்ளிரவு, அதே விடை ஒப்பீடு. ஆனால் 14-இன் முடிவு 2026 நவம்பர், 17-இன் முடிவு 2029 நவம்பர். சற்று முன் வந்த பதிப்பின் முதல் சில திருத்த வெளியீடுகள் போகட்டும் என்று காத்திருந்து, அதற்குப் பிறகு கிடைப்பதில் மிகப் புதியதை எடுப்பதே என் பழக்கம். அதற்குமுன் டேட்டாபேஸ் டிரைவரும் ஃப்ரேம்வொர்க்கும் அந்தப் பதிப்பை ஏற்கின்றனவா என்று பாருங்கள். கயிறு இரண்டு பக்கமும் இழுக்கும்: 2023 ஏப்ரலில் வந்த வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ 4.2, மைஎஸ்க்யூஎல் 5.7-ஐக் கைவிட்டுவிட்டது. மைஎஸ்க்யூஎல்லைத் தயாரிக்கும் ஆரக்கிள் அந்தப் பதிப்பை முடித்துவைக்க அப்போது இன்னும் ஆறு மாதம் இருந்தது.